சுருங்கினும் குறையாமை

கணிப்பொறியில் கோப்புகள் பெருகுந்தோறும் அவற்றை வைக்க இடமும் அனுப்பக் காலமும் மிகுதியாக வேண்டப்படுகின்றன. இக்குறையைப் போக்கும் கருவிகளுள் ஒன்று 'ஜீசிப்'. இதற்குமுன் வழங்கிய 'கம்ப்ரஸ்' என்னும் கருவியின் முறை காப்புரிமைக்கு உட்பட்டிருந்தது. எனவே, எவரும் தடையின்றிக் கையாளும் பொருட்டு, ஜான்-லூப் கையி, மார்க் ஆட்லர் ஆகிய இருவர் 1992ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர்.

முன்னர் வந்த தொடர் மீண்டும் வருமாயின், இக்கருவி அதனைத் திரும்ப எழுதுவதில்லை. அது எவ்வளவு தொலைவுக்கு முன் உள்ளது, எவ்வளவு நீளமுடையது என்னும் குறிப்பை மட்டும் பொறிக்கும். இம்முறையை 1977இல் லெம்பல், சிவ் என்போர் வகுத்தனர். அடுத்து, அடிக்கடி வருவனவற்றுக்குக் குறுகிய குறியீடும், அருகி வருவனவற்றுக்கு நீண்ட குறியீடும் அமைக்கும். இது 1952இல் ஹஃப்மன் வெளியிட்ட முறையாகும்.

கட்டளை வரியில் கருவியின் பெயரையும் கோப்பின் பெயரையும் எழுதினால் போதும். இடையே -1 என எழுதின் விரைவு மிகும். -9 எனின் பெரும்பாலும் கோப்பு மேலும் சுருங்கும். ஆனால் காலம் கூடும். எண் குறியாவிடின் 6 எனக் கொள்ளும். -டி என்பது சுருக்கியதை விரிக்கும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை உண்டு. சுருக்கி முடித்ததும் கருவி மூலக் கோப்பை நீக்கிவிடும். இதனை அறியாதார் கோப்பு அழிந்ததெனக் கலங்குவர். மூலமும் வேண்டுவோர் -கே எனச் சேர்த்தல் வேண்டும். எனினும் அஞ்ச வேண்டுவதில்லை. பழுதுறாத கோப்பை விரித்தால் ஓர் எழுத்தும் குறையாமல் மூலம் மீளும். அவ்வாறு மீண்டதா என்பதை, உள்ளே பொறித்த சரிபார்ப்பெண்ணைக் கொண்டு கருவியே ஆராயும். உருவம் சுருங்கினும் உள்ளது குறையாமையே இதன் சிறப்பாகும்.