தாணே வானில் வெள்ளியும் புதனும்

கழிமுகத்துக்கு அப்பால் பார்சிக் மலை தெரியும் பக்கம் கிழக்கு. விடிவெள்ளி எழுவது அங்கேதான். சில மாதங்கள் கழித்து அதே கோள் மாலையில் மேற்கே, யேவூர் மலைப் பக்கம் ஒளிரும். நள்ளிரவில் மட்டும் நாம் அதைக் காண்பதே இல்லை. பூமிப் பாதைக்கு உட்புறமாகச் சுற்றுவதால், நம் பார்வையில் வெள்ளி சூரியனை விட்டு ஏறத்தாழ 47 பாகைக்கு மேல் விலகாது.

புதனுக்கு அந்த எல்லை 28 பாகைதான். அந்தி வெளிச்சமும் நகரத்தின் புகைமூட்டமும் அதைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகின்றன. மழைக்காலம் முடிந்து வானம் தெளிந்ததும் தேடுங்கள்.

வெள்ளி சூரியனைச் சுற்றிவர 225 நாள். பூமியும் நகர்வதால், நமக்கு அது பழைய நிலைக்குத் திரும்ப 584 நாள் ஆகிறது. இத்தகைய ஐந்து சுழற்சிகள் ஏறக்குறைய 8 ஆண்டு. ஆகவே இன்று நீங்கள் காணும் வெள்ளி, 8 ஆண்டு கழித்து இதே தேதியில் கிட்டத்தட்ட இதே இடத்தில் நிற்கும்.

எப்போதாவது இக்கோள்கள் சூரிய வட்டத்தைக் கரும்புள்ளியாகக் கடக்கும். 1651-இல் சூரத்திலிருந்து ஜெரமையா ஷேக்கர்லி புதன் கடப்பைப் பார்த்தார். 1874 டிசம்பர் 9 அன்று நிகழ்ந்த வெள்ளி கடப்பைப் பொதுமக்களுக்கு விளக்க, சென்னை வானாய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரி உரையாடல் வடிவில் சிறுநூல் எழுதினார். அரிய தொண்டு அது.

அடுத்த வெள்ளி கடப்பு 2117-இல். ஆனால் 2032 நவம்பர் 13 அன்று நிகழும் புதன் கடப்பை இங்கிருந்து முழுமையாகக் காணலாம்: நண்பகல் கழிந்ததும் தொடங்கி, மாலை நான்கரை மணிக்குச் சற்றுப் பின் முடியும். சூரிய வடிகட்டி பொருத்திய தொலைநோக்கி தேவை. வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்காதீர்கள்.