தஹீனா இல்லாமல் ஹும்முஸ்: வீட்டிலேயே சுவையாகச் செய்வது எப்படி?

சவூதி, துபை, குவைத் என்று வளைகுடா நாடுகளில் வேலை பார்த்து ஊர் திரும்பியவர்களின் நாக்கில் தங்கிவிடும் ருசிகளில் ஒன்று ஹும்முஸ். குப்பூஸைக் கிள்ளி ஹும்முஸில் தொட்டுச் சாப்பிட்டுப் பழகியவர், நோன்பு காலத்தில் வீட்டில் அதைச் செய்யச் சொல்வார். கொண்டைக்கடலை எல்லா வீட்டிலும் இருக்கும். எலுமிச்சையும் பூண்டும் இருக்கும். செய்முறையில் அடுத்து வரும் 'தஹீனா' மட்டும் இருக்காது. சிற்றூர்க் கடைகளில் அது பெரும்பாலும் கிடைப்பதில்லை. நகரத்துப் பெரிய கடையில் கிடைத்தாலும், இறக்குமதி டப்பாவின் விலையைப் பார்த்ததும் எடுத்த இடத்திலேயே வைத்துவிடத் தோன்றும்.

தஹீனா இல்லாமல் செய்தால் அது ஹும்முஸ் ஆகுமா, ருசிக்குமா என்று பலரும் கேட்கிறார்கள். ஆகும், ருசிக்கும். ஆனால் தஹீனாவை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே செய்தால், சுண்டலை அரைத்து வைத்தது போலத்தான் இருக்கும். தஹீனா அந்த உணவில் என்ன வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், அந்த வேலையை வேறொரு பொருளிடம் ஒப்படைக்கலாம்.

பெயர் சொல்லும் செய்தி

அரபியில் 'ஹும்முஸ்' என்ற சொல்லுக்கு கொண்டைக்கடலை என்பதுதான் பொருள். 'தஹன' என்றால் அரைத்தான். அதே வேரிலிருந்து வந்த 'தஹீன்' என்றால் மாவு. 'தஹீனா' என்பது எள்ளை அரைத்த விழுது. உணவகங்களில் நாம் சுருக்கி ஹும்முஸ் என்று சொல்வதன் முழுப்பெயர் 'ஹும்முஸ் பி தஹீனா', அதாவது எள் விழுது சேர்த்த கொண்டைக்கடலை.

தஹீனா சேராத கொண்டைக்கடலை உணவுகளும் அரபுலகில் பழமையானவை. மம்லூக்குகள் கால எகிப்தில் தொகுக்கப்பட்ட 'கன்ஸுல் ஃபவாயித்' என்ற சமையல் நூலில், கொண்டைக்கடலையை மசித்து வினிகர், எலுமிச்சை ஊறுகாய், கீரை வகைகள், மசாலா, எண்ணெய் சேர்க்கும் ஒரு செய்முறை இருக்கிறது. அதில் தஹீனாவும் இல்லை, பூண்டும் இல்லை. உம்ராவுக்குச் சென்றவர்கள் ஜித்தாவில் 'பலீலா' சாப்பிட்டிருக்கலாம். வேகவைத்த கொண்டைக்கடலையில் வினிகரும் சீரகமும் ஊறுகாயும் சேர்த்து, ரமளான் இரவுகளில் தெருவோரம் விற்பார்கள். அதற்கும் தஹீனா தேவையில்லை. எனவே தஹீனா சேர்க்காமல் செய்வதைப் போலி என்று நினைக்க வேண்டியதில்லை.

முதலில் காரணத்தைப் பாருங்கள்

தஹீனாவை ஏன் தவிர்க்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் மாற்றுப் பொருளை முடிவு செய்ய வேண்டும்.

விலையோ, கிடைக்காததோதான் காரணம் என்றால் எள் உங்களுக்குத் தடையில்லை. நம் வீட்டு நல்லெண்ணெயே எள்ளிலிருந்து எடுப்பதுதான். தஹீனாவின் வாசனைக்கு மிக நெருக்கமான பொருள் அது.

வீட்டிலோ விருந்துக்கு வருபவர்களிலோ யாருக்காவது எள் ஒவ்வாமை இருந்தால் நிலைமை வேறு. எள் ஒவ்வாமை சிலருக்கு மூச்சுத் திணறல்வரை கொண்டுபோய் உயிருக்கே ஆபத்தாகலாம். அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல், உணவுப் பொட்டலங்களில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களில் எள்ளும் சேர்க்கப்பட்டிருக்கிறது. இப்படிப்பட்டவருக்குச் செய்யும்போது தஹீனாவை விட்டுவிட்டு நல்லெண்ணெய் ஊற்றினால் தவிர்த்ததில் பயனில்லை. எள் தூவிய ரொட்டி, எள்ளுப்பொடி அரைத்த மிக்ஸி ஜார் ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும். எள் ஒவ்வாதவர்களில் சிலருக்கு வேர்க்கடலையும் முந்திரியும் ஒவ்வாது. கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அவற்றைச் சேர்க்காதீர்கள்.

தஹீனா செய்யும் மூன்று வேலைகள்

ஒன்று, கொழுப்புச் சத்தைத் தருகிறது; கடலை மாவு போல நாக்கில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு இறங்குவது அதனால்தான். இரண்டு, விழுதுக்குத் திடமும் பாலேடு போன்ற மென்மையும் தருகிறது. மூன்று, மெல்லிய கசப்போடு கூடிய எள் வாசனையைத் தருகிறது.

இவற்றில் முதல் இரண்டையும் எண்ணெயும் நன்றாக வெந்த கடலையும் சேர்ந்தே செய்துவிடும். மூன்றாவதற்கு நல்லெண்ணெய் உதவும். எள் ஆகாதவர்களுக்கு வறுத்த சீரகம் உதவும். தஹீனா இல்லாத ஹும்முஸில் கடலை எவ்வளவு குழைகிறது என்பதுதான் ருசியைத் தீர்மானிக்கும். அரைவேக்காட்டுக் கடலையின் குறையைத் தஹீனா ஓரளவு மறைத்துவிடும். அது இல்லாதபோது மறைக்க எதுவும் இருக்காது.

தேவையான பொருள்கள்

வெள்ளைக் கொண்டைக்கடலை 200 கிராம், சமையல் சோடா முக்கால் தேக்கரண்டி, பூண்டு 3 பல், எலுமிச்சைச் சாறு 3 மேசைக்கரண்டி, வறுத்துப் பொடித்த சீரகம் அரைத் தேக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி, ஆலிவ் எண்ணெய் 2 மேசைக்கரண்டி, நல்லெண்ணெய் 2 மேசைக்கரண்டி, குளிர்ந்த நீர் சிறிதளவு. எள் ஆகாதவர்களுக்கு நான்கு கரண்டியும் ஆலிவ் எண்ணெயாகவே இருக்கட்டும்.

செய்முறை

1. கடலையைக் கழுவி, அரைத் தேக்கரண்டி சோடா கலந்த நிறைய தண்ணீரில் 8 முதல் 12 மணி நேரம் ஊறவையுங்கள். பிறகு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு நன்றாகக் கழுவுங்கள்.

2. குக்கரில் புதுத் தண்ணீரும் மீதிக் கால் தேக்கரண்டி சோடாவும் சேர்த்து வேகவையுங்கள். பருப்பு, கடலை வகைகள் நுரைத்து மேலெழும் என்பதால் குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 20 முதல் 25 நிமிடம் விடுங்கள். ஒரு கடலையை இரு விரலால் அழுத்தினால் துளியும் எதிர்ப்பின்றி மசிய வேண்டும். சுண்டலுக்கு வேகவைக்கும் பதம் இதற்குப் போதாது.

சோடா எதற்கு என்றால், கடலையின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் என்ற பொருளை அது தளர்த்துகிறது. கடினமான போர்வெல் தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து அதே பெக்டினை இறுக்குகிறது. சில ஊர்களில் எவ்வளவு நேரம் வைத்தாலும் கடலை வேகாததற்கு இது ஒரு காரணம். அங்கெல்லாம் வடிகட்டிய குடிநீரில் வேகவைப்பது நல்லது. எலுமிச்சை போன்ற புளிப்பும் கடலையை வேகவிடாது என்பதால் அதைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும்.

3. வெந்த தண்ணீரில் அரைக் கப் எடுத்து வைத்துவிட்டு மீதியை வடித்துவிடுங்கள். தோல்கள் தாமாகவே மிதக்கும். மிதப்பதை அள்ளிப் போட்டால் போதும், ஒவ்வொன்றாக உரிக்க வேண்டியதில்லை.

4. பூண்டை நசுக்கி எலுமிச்சைச் சாற்றிலும் உப்பிலும் 10 நிமிடம் ஊறவிடுங்கள். புளிப்பில் ஊறும் பூண்டு காரம் அடங்கி மணத்தை மட்டும் தரும்.

5. கடலை வெதுவெதுப்பாக ஆறியதும் அரையுங்கள். கொதிக்கக் கொதிக்க மிக்ஸியில் போட்டு மூடினால் ஆவி மூடியைத் தள்ளி, விழுது கையில் தெறித்துவிடும். முதலில் கடலையை மட்டும், எடுத்து வைத்த தண்ணீரில் நான்கைந்து கரண்டி சேர்த்து, மூன்று நான்கு நிமிடம் நிறுத்தி நிறுத்தி அரையுங்கள். பிறகு பூண்டு, எலுமிச்சைக் கலவையையும் சீரகத்தையும் சேருங்கள்.

6. இனி எண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டு அரையுங்கள். மொத்தமாகக் கொட்டினால் பிரிந்து மேலே மிதக்கும். கடைசியாக இரண்டு மூன்று கரண்டி ஐஸ் தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் ஓட்டினால் விழுது வெளுத்துப் பஞ்சு போல வரும். ஆறியதும் சற்று இறுகும் என்பதால், தோசை மாவை விடக் கொஞ்சம் கெட்டியாக இருக்கும்போதே நிறுத்திவிடலாம்.

இன்னும் செழுமை வேண்டுமென்றால்

50 கிராம் முந்திரியை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, கடலையோடு சேர்த்து அரைக்கலாம். பாலேடு போன்ற பதத்துக்கு இதுவே சிறந்தது, செலவு மட்டும் கூடும்.

துணியில் வடித்த கட்டித் தயிர் மூன்று மேசைக்கரண்டி சேர்க்கலாம். அப்போது எலுமிச்சையைப் பாதியாகக் குறையுங்கள். தயிரைக் கடைசியில் கரண்டியால் கலந்தால் போதும். அன்றைக்கே சாப்பிட்டுவிடுவது நல்லது.

வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை இரண்டு மேசைக்கரண்டி வரை சேர்க்கலாம். செலவு குறைவு. அதற்கு மேல் போனால் ஹும்முஸ் என்று பரிமாறினாலும் வேர்க்கடலைச் சட்னி என்றுதான் சொல்வார்கள்.

பரிமாறுவதும் பாதுகாப்பதும்

அகலமான தட்டில் பரப்பி, கரண்டியின் பின்புறத்தால் நடுவில் குழி செய்து, சிறிது எண்ணெயும் மிளகாய்த்தூளும் மல்லித்தழையும் தூவுங்கள். குப்பூஸ் இல்லையென்றால் சப்பாத்தி, வெள்ளரி, கேரட் எல்லாமே பொருந்தும். நோன்பு திறக்கும்போது எண்ணெயில் பொரித்த பலகாரங்களுக்கு நடுவே இப்படியொரு தட்டு இருப்பது வயிற்றுக்கும் இதமாக இருக்கும்.

தயிர் சேர்க்காததை மூடிய பாத்திரத்தில் ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் வரை உண்ணலாம். வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். அஸர் நேரத்திலேயே செய்து மேசையில் வைத்துவிட்டு இரவுத் தொழுகைக்குப் பிறகு மிச்சத்தை எடுத்து வைக்கும் பழக்கம் இதற்கு ஒத்துவராது. தேவையானதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மற்றதைக் குளிரிலேயே விடுங்கள்.

பள்ளிவாசல் இஃப்தாருக்கோ பக்கத்து வீட்டுக்கோ கொடுத்தனுப்பும்போது, உள்ளே முந்திரி, வேர்க்கடலை, நல்லெண்ணெய் எது சேர்ந்திருந்தாலும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மூடியில் ஒட்டிவிடுங்கள். அரைத்த விழுதைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வாமை உள்ள குழந்தையின் தாய்க்கு அந்த ஒரு வரி போதும்.