வைக்கோல் படப்பை வீட்டோடு ஒட்டிப் போடாதீர்கள்

மாசி, பங்குனியில் வீரசோழன், நரிக்குடி, திருச்சுழி பகுதிகளில் கண்மாய்கள் வற்றிவிடும். அறுப்பு முடிந்த காடுகளில் தட்டையும் பருத்திமாரும் காய்ந்து கிடக்கும். வரப்புப் புல்லுக்கு நாம் தீ வைப்பதும் இதே பருவத்தில்தான். 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய தீயில், மலையேற்றம் போனவர்களில் 23 பேர் இறந்தார்கள். நம் பக்கம் மலை இல்லை. காய்ந்த புல்லும் காற்றும் உண்டு.

பலருக்கும் சீமைக்கருவேலத்தின் மேல்தான் பயம். பச்சை மரம் அவ்வளவு எளிதில் பற்றாது. அதன் அடியில் கிடக்கும் சருகும் புல்லும், வெட்டிப் போட்ட விறகும்தான் எரியும். எனவே முதலில் வீட்டுக்கும் புதருக்கும் நடுவில் தரையைக் கூட்டிச் சுத்தமாக்குங்கள்.

தீ நடந்து வந்துதான் வீட்டைத் தொட வேண்டும் என்பதில்லை. காற்றில் பறந்து வரும் ஒரு கங்கு கீற்றுக் கூரையிலோ படப்பிலோ விழுந்தால் போதும். வீடு, தொழுவத்திலிருந்து குறைந்தது 30 அடி தள்ளிப் படப்பு போடுங்கள். மின்கம்பிக்கு அடியில் கூடவே கூடாது. ஒரே பெரிய படப்பைவிட, இடைவெளி விட்டு இரண்டு சிறிய படப்புகள் நல்லது. ஈரம் காயாமல் அடுக்கினால் வைக்கோல் உள்ளுக்குள்ளேயே சூடேறும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தெருவில் இடம் ஏது என்று கேட்பீர்கள். களத்துமேட்டுப் பக்கம் ஊரார் பேசி ஒதுக்கலாம். தினமும் வைக்கோல் பிடுங்கி வரும் பெண்களுக்கு நடை கூடும், உண்மைதான். இரண்டு நாளைக்கு வேண்டியதை மட்டும் தொழுவத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் மாட்டை, இழுத்தால் அவிழும் முடிச்சில் கட்டுங்கள். தீ விபத்தில் கட்டுத்தறியிலேயே கருகும் மாடுகள்தான் அதிகம் வேதனை தருபவை.

ஊரை ஒட்டிய தரிசுப் பக்கம் 15 அடி அகலத்துக்கு உழுதுவிட்டால் புல்தீ அங்கே நிற்கும். எப்படியும் கோடை உழவு போடுவோம். ஊர் ஓரத்தில் முதலில் போடுங்கள். ஆட்டுக்கிடை போட்ட நிலத்திலும் தீக்கு இரை குறைவு, எருவும் மிச்சம். தட்டையைக் கொளுத்தினால் அதிலுள்ள தழைச்சத்து புகையோடு போய்விடும். மடக்கி உழுவதே மேல்.

கரிமூட்டம் போடுபவர்கள் ஊருக்கு எதிர்க்காற்றுப் பக்கம் போடக் கூடாது. மூட்டத்தைப் பிரித்த கரியை உடனே சாக்கில் கட்டாமல், ஒரு நாள் திறந்தவெளியில் ஆறவிடுங்கள்; அணைந்தது போலிருக்கும் கரி காற்றுப் பட்டதும் மறுபடி கனியும்.

தீப்பிடித்தால் 101-க்கு அழைத்து, ஊர்ப் பெயரோடு வண்டி வரக்கூடிய பாதையையும், எந்த ஊருணியில், யார் மோட்டாரில் தண்ணீர் எடுக்கலாம் என்பதையும் சொல்லுங்கள். கோடையில் நம் ஊர்களில் வண்டி வந்த பிறகுதான் தண்ணீர் தேட ஆரம்பிக்கிறோம்.