ஸீதீ ஃபரஜ் கரையிறக்கமும் துய்ப்பெரேயும்

அல்ஜீரியாவைப் பிரான்ஸ் கைப்பற்றிய வரலாற்றை எழுதுவோர் தரைப்படைத் தளபதி புர்மோனின் பெயரையே முன்வைப்பர். ஆயினும் அந்நாட்டின் கதி கடலில்தான் முடிவாயிற்று என்பது நம் கருத்து. அக்கடற்பணியை நடத்தியவர் துணை அட்மிரல் துய்ப்பெரே.

அல்ஜியர்ஸ் மக்களுக்குக் கடல் ஓர் அரணாக இருந்தது. 1541இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் பெரும் கடற்படையோடு வந்து படையை இறக்கியபோது, புயல் எழுந்து கப்பல்களைச் சிதறடித்தது. அந்நினைவு மூன்று நூற்றாண்டுகளாக அங்கு மங்கவில்லை. நகரின் பீரங்கிகளும் கடலையே நோக்கி நின்றன. நிலப்புறம் வலுவற்றிருந்தது. இதனை 1808இல் நெப்போலியன் அனுப்பிய பொறியாளர் பூத்தேன் கண்டறிந்து, மேற்கே ஸீதீ ஃபரஜ் வளைகுடாவில் இறங்குவதே ஏற்றது என எழுதி வைத்தார். அங்கு அடங்கியுள்ள இறைநேசர் ஒருவரின் பெயரே அவ்விடத்துக்கு வழங்குகிறது.

1827இல் ஹுஸைன் டே பிரெஞ்சுத் தூதரை விசிறியால் தட்டியதைச் சாக்காக்கி நடந்த மூன்றாண்டு முற்றுகை பயனளிக்கவில்லை. பின்னர் 1830 மே 25இல் துய்ப்பெரேயின் தலைமையில் சுமார் 37,000 வீரர்களுடன் அறுநூறுக்கும் மேற்பட்ட கலங்கள் தூலோனை விட்டுப் புறப்பட்டன. இத்திட்டத்தில் அவருக்கே தொடக்கத்தில் நம்பிக்கை குறைவு. மாத இறுதியில் ஆப்பிரிக்கக் கரை கண்ணில் பட்டும், காற்றின் போக்கைக் கண்டு கப்பல்களைப் பால்மாவுக்குத் திருப்பினார். தரைப்படையினர் பொறுமையிழந்தனர். எனினும் ஐந்தாம் சார்லஸின் கதி அவருக்குத் தெரியாததன்று. இந்தத் தயக்கத்தைக் கோழைத்தனம் எனக் கொள்வது சரியன்று.

ஹிஜ்ரி 1245 துல்ஹஜ் மாதம், அதாவது 1830 ஜூன் 14 அதிகாலையில், தட்டையான அடிப்பாகமுடைய படகுகள் வீரர்களைக் கரைசேர்த்தன. டேயின் மருமகன் இப்ராஹீம் ஆகாவோ கரையிலேயே அவர்களைத் தடுக்கப் பெரும்படை எதனையும் நிறுத்தவில்லை. ஜூன் 16இல் கடும் புயல் எழுந்து, நங்கூரமிட்டிருந்த கப்பல்களை அலைக்கழித்தது. அது நீடித்திருந்தால் கரையிலிருந்த படைக்கு உணவும் வெடிமருந்தும் வந்திரா. ஆனால் புயல் தணிந்தது. 1541இல் காத்த கடல் இம்முறை காக்கவில்லை.

ஜூன் 19இல் ஸ்தாவலியில் நடந்த போரில் இப்ராஹீமின் படை தோற்றது. ஜூலை 5இல் நகர் சரணடைந்தது. மார்க்கமும் சொத்தும் பாதுகாக்கப்படும் என்று புர்மோன் ஒப்பமிட்டுக் கொடுத்தார். இரண்டே ஆண்டுகளில் கெச்சாவா பள்ளிவாசல் மாதா கோவிலாக்கப்பட்டது. 1962இல்தான் அது மீண்டும் பள்ளிவாசலாயிற்று. படையை அனுப்பிய பத்தாம் சார்லஸ் மன்னரோ, வெற்றிச் செய்தி வந்த சில வாரங்களிலேயே புரட்சியில் அரியணையை இழந்தார். துய்ப்பெரே அட்மிரலாக உயர்ந்து, பின்னர் கடற்படை அமைச்சருமானார்.