ஒரே வட்டில் இரண்டு குடித்தனம்

பழைய மடிக்கணினி, புதிய வேலை – 6

சென்ற வாரம் லினக்ஸ் மின்ட்டைப் பென்டிரைவில் ஏற்றி, வட்டில் கைவைக்காமல் அதிலிருந்தே இயக்கிப் பார்த்தோம். வைஃபை, ஒலி, டச்பேட் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தவர்களுக்குத்தான் இந்த வாரப் பாடம். ஏதாவது தகராறு செய்தால் அதை முதலில் தீர்த்துவிட்டு வாருங்கள், அவசரம் இல்லை.

அக்கா மகள் போன மாதம் மதுரையிலிருந்து தன் மடிக்கணினியோடு வந்தாள். ஏழாம் தலைமுறை இன்டெல் சிப், 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. நல்ல கணினி. ஆனால் விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வரும் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டன. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும்.

“லினக்ஸ் போட்டுக் குடுங்க மாமா. ஆனா அப்பாவோட கடைக் கணக்கு டாலியில இருக்கு, அது போயிடக் கூடாது.”

டாலி விண்டோஸுக்கென்று எழுதப்பட்டது. ஆக இரண்டும் வேண்டும். இதற்குத்தான் டூயல் பூட். பவர் பொத்தானை அழுத்தியதும், எதைத் திறக்கட்டும் என்று கணினி நம்மைக் கேட்கும்.

இது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகள் கைக்கு வந்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய இயங்குதளம் அது. எத்தனையோ வீடுகளில் முதன்முதலாக நுழைந்த கணினியே இரட்டைக் கணினிதான். அந்த இரண்டாவது பெயரைத் திறந்து பார்க்க இன்னும் நிறையப் பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.

வேலைக்கு வருவோம். முதலில் காப்புப் பிரதி. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் ஓர் இரவு, இதே வேலையின் நடுவில், படிக்காமல் ஒரு பொத்தானை அழுத்தினேன். கேசட்டிலிருந்து மாற்றி வைத்திருந்த பாட்டியின் தாலாட்டுகள் அந்த வட்டில் இருந்தன. கேசட் அதற்கு முன்பே பூசணம் பிடித்துப் போயிருந்தது. பாட்டியும் இல்லை. அதனால் டாலி கோப்புகளை வெளி வட்டு ஒன்றில் எடுத்து, அதை வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகுதான் அடுத்த அடி வைத்தேன்.

பிட்லாக்கர் பூட்டு போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். பயாஸில் எதையாவது மாற்றினால் அந்த எண்ணைக் கேட்டு நிற்கும்.

அடுத்து இடம் பிரிப்பது. இதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைக் கொண்டே செய்வது நல்லது. அவளுடைய சி டிரைவில் 150 ஜிபி காலி. ஆனால் ஷ்ரிங்க் கொடுத்தபோது 31 ஜிபிதான் தர முடியும் என்றது. காலியிடம் இருந்தாலும், நகர்த்த முடியாத சில கோப்புகள் டிரைவின் பின்பகுதியில் உட்கார்ந்திருக்கும். அவற்றைத் தாண்டிச் சுருக்க முடியாது. ஹைபர்னேஷனையும் பேஜ் ஃபைலையும் சிஸ்டம் ரெஸ்டோரையும் தற்காலிகமாக அணைத்து, மறுபடி கேட்டோம். 92 ஜிபி வரை இறங்கி வந்தது. நாங்கள் 60 எடுத்துக்கொண்டோம்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்துவிடுங்கள். அது இருந்தால், ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாது, தன் நிலையின் ஒரு பகுதியை வட்டில் எழுதிவிட்டு அரைத்தூக்கத்தில் கிடக்கும். அப்போது லினக்ஸிலிருந்து அந்த டிரைவைத் திறந்தால் படிக்கத்தான் முடியும், எழுத முடியாது.

இனி நிறுவும் திரை. அதில் ‘எரேஸ் டிஸ்க்’ என்று ஒரு வரி வரும். என் பாட்டியின் குரலைக் கொண்டுபோன வரி அதுதான். அதைத் தொடாதீர்கள். நான் ‘சம்திங் எல்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுப்பேன். அதில் வட்டின் பாகங்கள் வரிசையாகத் தெரியும், நாம் ஒதுக்கிய 60 ஜிபி காலியிடம் என்று தனியாக நிற்கும். அதை மட்டும் லினக்ஸுக்குக் கொடுங்கள். சுமார் 100 எம்பியில் இஎஃப்ஐ என்றொரு சின்னப் பாகமும் இருக்கும். இரண்டு தளங்களின் தொடக்க நிரலும் அதற்குள் தனித்தனி ஃபோல்டரில் இருக்கும். அதை ஃபார்மட் செய்துவிட்டால் விண்டோஸ் எழாது.

பழைய கணினிகளில் இந்த வசதி கிடையாது. வட்டின் முதல் 512 பைட்டில், தொடக்க நிரலுக்கு 446 பைட்தான். கடைசியாக வந்தவர் முன்னிருந்தவரை அழித்துவிட்டு உட்காருவார். ‘முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ்’ என்ற வழக்கம் அப்படி வந்தது. இன்றும் அதுவே நல்லது.

எல்லாம் முடிந்து மறுநாள் விண்டோஸைத் திறந்தவள் பதறிவிட்டாள். சுவரில் மணி பத்து, திரையில் நாலரை.

“பேட்டரி போயிடுச்சா மாமா?”

போகவில்லை. மதர்போர்டிலுள்ள கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். லினக்ஸோ அதை உலகப் பொது நேரமாக வைத்துக்கொண்டு, நம் ஐந்தரை மணியைக் கூட்டிக் காட்டும். லினக்ஸ் திருத்தி வைத்துவிட்டுப் போன கடிகாரத்தை விண்டோஸ் அப்படியே படித்ததால் ஐந்தரை மணி நேரம் பின்னால் நின்றது. இதைத் தெரியாமல் அந்தப் பொத்தான் பேட்டரியை மாற்றக் காசு கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். கடிகாரத்தை உள்ளூர் நேரமாகவே படிக்கும்படி லினக்ஸிடம் டெர்மினலில் ஒரே வரியில் சொல்லிவிடலாம். சொன்னோம், சரியாகிவிட்டது.

நிறுவப் பயன்பட்ட பென்டிரைவை அழித்துவிடாதீர்கள். 2024 ஆகஸ்ட்டில் வந்த ஒரு விண்டோஸ் புதுப்பிப்பால் இரட்டைக் கணினிகள் பலவற்றில் லினக்ஸ் எழாமல் போனது. அப்படியொரு நாளில் உள்ளே போக அந்தப் பென்டிரைவ் வேண்டும்.

ஊருக்குக் கிளம்பும் முன் அவளே ஒன்று கேட்டாள். தேர்வுப் பட்டியல் 10 விநாடி காத்திருந்துவிட்டுத் தானாக லினக்ஸைத் திறக்கிறது. அத்தானோ காலையில் பவரை அழுத்திவிட்டு ஷட்டரைத் தூக்கப் போய்விடுவார். திரும்பி வந்தால் அவருக்கு டாலி இருக்க வேண்டும். அதனால் விண்டோஸ் தானாகத் திறக்கும்படி மாற்றி வைத்தோம். லினக்ஸ் வேண்டும்போது அவள் அம்புக்குறியைத் தட்டிக்கொள்வாள்.

அடுத்த வாரம்: இரண்டு பக்கமும் திறக்கும் பொது டிரைவ், அதில் தமிழ்க் கோப்புகள்.