சிறு விமானங்களின் எஃகுக் குழாய்களில் துரு

மழையில் கிடந்த கொழுவில் துரு ஏறுவதைக் காணாத குடியானவர் இரார். அத்துரு கண்ணுக்குத் தெரிவது. சுரண்டி எண்ணெய் தடவினால் தீரும். வர்ணம் பூசிய எஃகுக் குழாயிலோ துரு உள்ளிருந்தும் அரிக்கும். வெளியே வர்ணம் மினுமினுப்பாகவே இருக்கும்.

அமெரிக்காவில் லாக் ஹேவன் நகரத்துத் தொழிற்சாலை 1947 வரையில் ஆயிரக்கணக்கில் கட்டிய 'பைப்பர் கப்' என்னும் சிறு விமானம் இதற்குத் தக்க உதாரணமாகும். அதன் உடல், பற்றவைத்த எஃகுக் குழாய்ச் சட்டத்தின்மேல் துணி போர்த்தியது. இறக்கைகளைத் தாங்கும் முட்டுக்குழாய்களும் எஃகே. இரண்டாவது மகாயுத்தத்திற்குப் பின் இவற்றுட் பல, பயிர்களுக்கு மருந்து தூவுதற்கேற்ப மாற்றப்பட்டன.

முட்டுக்குழாயினுட் புகுந்த காற்றின் ஈரம் இரவிற் குளிர்ந்து நீராகி, கீழ்நுனியில் தேங்கும். தகடு அங்கே வர்ணத்தின் பின்னால் மெலிந்துபோகும். முட்டு முறிந்தால் இறக்கை நில்லாது. ஆதலால் 1993இல் அமெரிக்க அரசாங்க விமான நிர்வாகம், இம்முட்டுக்களை 24 மாதங்களுக்கொருமுறை பரீட்சிக்கவேண்டும், அல்லது முற்றும் அடைக்கப்பட்ட புதுக்குழாய்களை மாட்டவேண்டும் என உத்தரவிட்டது. பரீட்சைக்குரிய ஊசிமுனைக் கருவியை அழுத்தினால் நல்ல தகடு குழியாது. குழிந்த முட்டைத் தள்ளிவிட வேண்டியதே. அதன்மேல் மீண்டும் வர்ணம் பூசுதல் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகும்.

வால் தாழ்ந்து நிற்கும் விமானத்தில் நீர் வாற்புறத்துக் கீழ்க்குழாய்களை நோக்கி ஓடும். துணி மாற்றுங்காலத்தில் அவ்விடத்தையே முதலிற் பார்த்தல் வேண்டும். வர்ணம் கொப்புளித்த இடத்தை எஃகு பளிச்சிடும் வரையில் சுரண்டி, எண்ணெய்ப் பசையைத் துடைத்து, தாமதமின்றி அடிவர்ணம் பூசுக. வியர்வைக் கையால் தொட்டால் அவ்வுப்பே புதுத்துருவுக்கு வித்தாகும். துணியில் தடவும் பசைமருந்து சாதாரண எண்ணெய் வர்ணத்தை இளக்கிவிடுமாதலால், எபாக்ஸி அடிவர்ணமே ஏற்றது. ஆழக் குழிந்த குழாயை, உரிமம் பெற்ற பணியாளரைக் கொண்டு வெட்டி மாற்றுவித்தல் நலம்.

உட்புறத்திற்குப் பழைய முறையொன்று உண்டு. சூடேற்றிய ஆளிவிதை எண்ணெயைச் சிறு துளை வழியே ஊற்றிக் குழாயை எப்புறமும் சாய்த்து, மிகுதியை வடித்துவிட்டுத் துளையை இறுக அடைப்பர். உலர்ந்த எண்ணெய் மெல்லிய தோல்போற் படிந்து ஈரத்தைத் தடுக்கும்.

மருந்து தூவிய விமானத்தை அன்றன்றே நல்ல நீரால் கழுவவேண்டும். கழுவிய நீர் வெளியேறும் பொருட்டு, அடித்துணியிலுள்ள வடிதுளைகளில் சேறு அடைத்திருப்பின் குத்திவிடவேண்டும்.