இரு கடல்களுக்கு இடையே ஒரு மலைநாடு

இத்தாலி என்றவுடன் ரோமாபுரியும் வெனிஸ் நகரமுமே நம் நினைவுக்கு வருகின்றன. பூட்ஸ் போன்ற வடிவுடைய அந்நாட்டின் குதிகாலுக்கும் கால்விரலுக்கும் நடுவே பஸிலிக்காத்தா என்னும் சிறு மாநிலம் ஒன்று உண்டு. பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு வந்திருக்கும் நம்மனோர் அறியத்தக்க வரலாறு அதனுடையது.

அதன் பரப்பு ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீட்டர். அதற்குள் எத்தனை விதமான காட்சிகள்! மேற்கே திர்ரேனியக் கடலை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் மராத்தேயாவின் பாறைகள். தென்கிழக்கே அயோனியக் கடலையொட்டிய மெத்தபோந்தோ சமவெளி; கிரேக்கர் எழுப்பிய கோயிலொன்றின் 15 தூண்கள் அங்கே இன்றும் நிற்கின்றன. வடக்கே அவிந்துபோன எரிமலையான வுல்த்தூரே. அதன் பழைய வாய்க்குள் இரண்டு ஏரிகள். அலியானோ கிராமத்தைச் சுற்றி, மழைநீர் அரித்துச் செதுக்கிய களிமண் முகடுகள்.

கிழக்கே மாத்தேரா நகரில், மென்பாறையைக் குடைந்து அமைத்த வீடுகள் அடுக்கடுக்காக உள்ளன. ‘ஸாஸி’ என்று அவற்றுக்குப் பெயர்; கற்கள் என்பது பொருள். அங்கே மனிதரும் கழுதையும் ஒரே குகையில் வாழ்ந்தனர். பாசிச அரசு 1935-ல் இம்மாநிலத்துக்குக் காவலில் அனுப்பிய கார்லோ லேவி என்னும் மருத்துவர், இம்மக்களின் வறுமையைப் பற்றி எழுதிய நூல் 1945-ல் வெளிவந்து நாட்டையே உலுக்கியது. 1952-ல் தனிச் சட்டம் பிறந்தது. ஏறத்தாழ 15,000 பேர் குகைகளினின்றும் புதிய குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டனர். வேறு பல்லாயிரவர் வட இத்தாலியின் ஆலைகளுக்கும் அயல்நாடுகளுக்கும் சென்றனர். க்ராகோ என்னும் குன்றூரையோ 1963-ல் நிலச்சரிவு காலி செய்தது. அது இன்றும் வெறுமையாகவே நிற்கிறது.

பின்னர் நிகழ்ந்ததுதான் விந்தை. நாட்டின் அவமானம் எனப்பட்ட ஸாஸி, 1993-ல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. 2019-ல் மாத்தேரா ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக விளங்கியது. அவ்வாண்டிலும் அரசு ரயில் அந்நகரை எட்டவில்லை. பாரி நகரிலிருந்து, நம் மீட்டர்கேஜைவிடக் குறுகிய 950 மில்லிமீட்டர் பாதையில்தான் வண்டி சென்றது. ரயில்வேயில் பணிபுரியும் நமக்கு இச்செய்தி வியப்பளித்தது.

பாறை அன்றும் இன்றும் அதே பாறைதான். குழாய்நீரும் சுகாதாரமும் வந்த பின்னரே அதன் எழில் பிறர் கண்ணுக்குப் புலப்பட்டது. எழில் மட்டும் மக்களை ஊரில் நிறுத்துவதில்லை. வயிற்றுக்கு வழியும் வேண்டும்.

அன்பர்களே, விடுமுறையில் ஊர் செல்லும்போது நம் தெருவையும் ஏரிக்கரையையும் ஒருமுறை புதிய கண்ணால் நோக்குவோம். அங்கே தங்கிவிட்டோருக்கு என்ன தேவை என்றும் கேட்டு வருவோம்.